கொட்டையிலிருந்து பீச், நெக்டரின் மரம்: மலை ஊர் வீட்டுத் தோட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

பீச் கொட்டையை நட்டால் மரம் வருமா என்றால், வரும். நன்றாகவே வரும். ஆப்பிள் விதையை நட்டால் தாய் மரத்தின் பழம் கிடைப்பது அரிது, ஏனென்றால் ஆப்பிளுக்கு வேறொரு மரத்தின் மகரந்தம் தேவை. பீச், நெக்டரின் பூக்கள் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. அதனால் கொட்டையில் முளைக்கும் கன்று தாயை அச்சு அசலாக ஒத்திருக்காவிட்டாலும் ரொம்ப தூரம் விலகிப் போகாது. மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கும். ஒரே ஒரு மரம் இருந்தாலும் போதும்.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளிர் இரண்டு முறை தேவைப்படுகிறது. கொட்டை முளைக்க ஒரு தடவை, மரம் பூக்க ஒவ்வொரு வருடமும். முதல் குளிரை உங்கள் ஃபிரிட்ஜ் கொடுத்துவிடும். இரண்டாவதை உங்கள் ஊர்தான் கொடுக்க வேண்டும். இது புரியாமல் நட்டு, ஆறு ஏழு வருடம் இலையை மட்டும் பார்த்துக் காத்திருப்பவர்கள் நிறைய.

உங்கள் ஊர் ஒத்துவருமா?

பீச் மரம் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். அந்த உறக்கத்தில் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை மணிநேரம் கழிகிறது என்று மொட்டுகள் ஒரு கணக்கு வைத்திருக்கும். இதைத்தான் குளிர் மணிநேரம் என்கிறோம். எல்பர்ட்டா போன்ற பழைய ரகங்கள் 800 மணிநேரத்துக்கு மேல் கேட்கும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய குறைந்த குளிர் ரகங்களில் ஃப்ளோர்டாசன் சுமார் 300 மணிநேரமும், ஃப்ளோர்டாபிரின்ஸ் சுமார் 150 மணிநேரமும் கேட்கும். கணக்கு முடியாவிட்டால் மரம் தாமதமாக, அரைகுறையாகத் துளிர்க்கும். பூ வராது, வந்தாலும் உதிர்ந்துவிடும்.

நம் பக்கத்தில் பீச் வளர்வது நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும்தான். உதகை 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர் அளவில். உதகையில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 5, 6 டிகிரிக்கு இறங்கும், சில நாள் உறைபனியும் கொட்டும். ஆனால் பகலில் வெயில் அடித்து 20 டிகிரி வரை ஏறிவிடுகிறது. பகல் சூடு, இரவில் சேர்ந்த குளிரில் ஒரு பங்கைக் கழித்துவிடும். அதனால் நம் மலைகளுக்குக் குறைந்த குளிர் ரகங்கள் மட்டுமே பொருந்தும். சென்னை, மதுரை, கோவை போன்ற சமவெளி ஊர்களில் கன்று முளைக்கும், இலை விடும், அதோடு சரி. அங்கே இருப்பவர்கள் அந்த இடத்தையும் உழைப்பையும் கொய்யாவுக்கோ மாதுளைக்கோ கொடுப்பதே நல்லது.

டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். அங்கே குளிர் மணிநேரத்துக்குப் பஞ்சமே இல்லை, அளவுக்கு மீறிய குளிர்தான் எதிரி. மைனஸ் 23 டிகிரிக்குக் கீழே போனால் பூ மொட்டுகள் கருகத் தொடங்கும். ஒன்டாரியோ ஏரி ஓரத்து நயாகராப் பகுதியில் பீச் தோட்டங்கள் செழிப்பதற்குக் காரணமே ஏரி அந்தக் கடுங்குளிரைத் தணிப்பதுதான். வீட்டுச் சுவரின் தெற்குப் பக்கம், வாடைக்காற்று படாத மூலை கிடைத்தால் அங்கே நடுங்கள்.

எந்தப் பழத்தின் கொட்டை?

மொத்த வேலையில் இதுதான் முக்கியமான முடிவு, இதில் அவசரப்பட வேண்டாம்.

என் யோசனை ஒன்றுதான்: உங்கள் ஊரிலேயோ அதே உயரமுள்ள பக்கத்து ஊரிலேயோ காய்த்த மரத்தின் கொட்டையை எடுங்கள். அந்த மரம் அங்கே காய்த்தது என்பதைவிடப் பெரிய சான்று வேறில்லை. கொடைக்கானலிலும் குன்னூரிலும் கோடை சீசனில் சாலையோரம் விற்கும் உள்ளூர் பீச் சிறியதாக இருக்கலாம், புளிப்பு தூக்கலாக இருக்கலாம். ஆனாலும் அதன் கன்று உங்கள் தோட்டத்தில் பூக்கும். ஒன்டாரியோவில் இருப்பவர்கள் கலிஃபோர்னியாப் பழத்தை விட்டுவிட்டு ஆகஸ்ட், செப்டம்பரில் சந்தைக்கு வரும் உள்ளூர்ப் பழத்தைத் தேடுங்கள்.

கடைப் பழம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒரு சிக்கல். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பஞ்சாபிலிருந்து வரும் ஷான்-இ-பஞ்சாப், எர்லி கிராண்ட் போன்றவை குறைந்த குளிர் ரகங்கள், நம் மலைக்கு ஏற்றவை. ஆனால் பூத்து இரண்டரை, மூன்று மாதத்துக்குள் பழுத்துவிடும் ரகங்களில் சதை பழுக்கும் நேரத்தில் உள்ளே பருப்பு முற்றியிருக்காது. உடைத்துப் பார்த்தால் சுருங்கி, தோல் மட்டும் இருக்கும். அதற்குப் பிறகு, ஜூன், ஜூலையில் இமாச்சலத்திலிருந்து வரும் பழங்களில் பருப்பு கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் அவை கேட்கும் குளிர் நம் மலையில் கிடைக்காது. ஆக, பஞ்சாப் பழத்தில்தான் முயல வேண்டும் என்றால் நன்றாகக் கனிந்த பழமாகப் பார்த்து நிறைய கொட்டை சேர்த்து, பருப்பு முழுதாக நிரம்பியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெக்டரின் தனி இனம் இல்லை. பீச்சின் மேல் இருக்கும் மெல்லிய ரோமம் இல்லாத வடிவம், அவ்வளவுதான். அந்த வழவழப்புத் தோலுக்கான மரபணு ஒடுங்கு வகை, தாய், தந்தை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அதனால் தன் மகரந்தத்தில் காய்த்த நெக்டரின் கொட்டையிலிருந்து நெக்டரின்தான் வரும். பக்கத்தில் பீச் மரம் இருந்து தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்திருந்தால் பீச் வரலாம். பீச் கொட்டையிலிருந்து எப்போதாவது நெக்டரின் முளைப்பதும் உண்டு. மஞ்சள் சதையும் இப்படித்தான், வெள்ளைச் சதைக்கு அடங்கியது. மஞ்சள் பழத்தின் கொட்டையை நட்டால் பெரும்பாலும் மஞ்சளே கிடைக்கும், வெள்ளைப் பழத்தில் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

பத்துப் பதினைந்து கொட்டையாவது எடுங்கள். சில முளைக்காது, சில நோஞ்சானாக வரும். கடைசியில் நல்ல கன்றாக இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்க வேண்டும்.

கழுவி, உலர்த்தி, உடைத்தல்

சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர விடுங்கள். வெயிலில் போட வேண்டாம், பருப்பு செத்துவிடும். உலர்ந்த பிறகு பருப்பு ஓட்டிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும், உடைக்கும்போது நசுங்காது.

ஓட்டை உடைக்காமலும் முளைக்க வைக்கலாம், நாளாகும். உடைத்தால் பருப்பின் நிலையைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்பதால் நான் உடைப்பதையே சொல்வேன். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பருப்பும் சேர்ந்து நொறுங்கும். பட்டறையில் இருக்கும் வைஸ் கிடைத்தால் கொட்டையின் விளிம்புக் கோடு இரண்டு தாடையிலும் படும்படி நிறுத்தி மெதுவாகத் திருகுங்கள், ‘டக்’ என்று பிளக்கும். கனமான பாக்குவெட்டியும் உதவும். எதுவானாலும் கொட்டையைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், சில்லு கண்ணில் தெறிக்கும்.

உள்ளே இருப்பது பாதாம்பருப்பு மாதிரியே இருக்கும். இரண்டும் நெருங்கிய உறவு. ஆனால் இதைத் தின்னக் கூடாது. இதில் உள்ள அமிக்டலின் வயிற்றுக்குள் போய் சயனைடாக மாறும். குழந்தைகள் கைக்கும் நாய் வாய்க்கும் எட்டாமல் வையுங்கள்.

ஃபிரிட்ஜில் ஒரு குளிர்காலம்

நம் மலையில் மே, ஜூனில் எடுத்த கொட்டையை உடனே குளிரூட்டினால் கன்று செப்டம்பரில் வெளியே வந்து, இளசாக இருக்கும்போதே டிசம்பர் உறைபனியில் மாட்டும். அதனால் உலர்ந்த கொட்டையை உடைக்காமல் ஒரு காகிதப் பையில் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து, நவம்பரில் வேலையைத் தொடங்குங்கள். பிப்ரவரியில் தொட்டிக்கு மாற்றலாம். டொராண்டோவில் டிசம்பர் கடைசியில் தொடங்கினால் ஏப்ரலுக்குத் தயாராகும்.

உடைத்த பருப்பை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். தேங்காய் நார்க்கழிவையோ கழுவிய மணலையோ ஈரமாக்கி, கையால் இறுக்கிப் பிழியுங்கள். சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது, ஆனால் கையில் ஈரம் தெரிய வேண்டும். அதோடு பருப்பைக் கலந்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, கொஞ்சம் காற்று இருக்கும்படி மூடி, தேதியும் எந்தப் பழம் என்பதும் எழுதி, காய்கறித் தட்டில் வையுங்கள். வெப்பநிலை 3 முதல் 5 டிகிரி. ஃபிரீசரில் வைக்கவே கூடாது.

எவ்வளவு நாள்? குளிர் அதிகம் கேட்கும் ரகங்களுக்கு 10 முதல் 14 வாரம். குறைந்த குளிர் ரகங்களின் பருப்புக்கும் குறைந்த குளிரே போதும், 5 முதல் 8 வாரத்தில் வேர் முனை எட்டிப் பார்க்கும். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் அந்தப் பருப்பை மட்டும் எடுத்துக் கழுவி, நார்க்கழிவை மாற்றுங்கள். கொழகொழவென்று ஆனதைத் தூக்கி எறியுங்கள்.

பொறுமை இழந்து பாதியிலேயே எடுத்து நட்டால் என்ன ஆகும்? சில பருப்புகள் முளைக்கத்தான் செய்யும். ஆனால் கன்று உயராமல், இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ரோஜா இதழ் போல் அடுக்கிக் குட்டையாக நின்றுவிடும். இது நோயும் இல்லை, உரக் குறைபாடும் இல்லை. குளிர் போதாத கரு அப்படித்தான் வளரும். எனவே தானாக வேர் விடும் வரை காத்திருந்து, வேர் விட்டதை மட்டும் எடுத்து, மற்றவற்றை மீண்டும் உள்ளே வையுங்கள்.

ஒன்டாரியோவில் ஃபிரிட்ஜே வேண்டாம் என்று நினைத்தால் அக்டோபரில் முழுக் கொட்டையை 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் தோட்ட மண்ணிலேயே புதைத்துவிடலாம். பனிக்காலம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மேலே கம்பி வலை போட மறக்காதீர்கள், அங்கே அணில்கள் ஒன்றுகூட விடாமல் தோண்டிவிடும்.

தொட்டியில் முதல் மாதங்கள்

பீச் ஆழமாக வேரை இறக்கும் கன்று. 20, 25 செ.மீ. ஆழமுள்ள பையோ தொட்டியோ எடுங்கள். செம்மண், மணல், மட்கிய உரம் மூன்றும் சம பங்கு. வேர் முனை கீழே பார்க்க, 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் வைத்து மூடுங்கள். வேர் சட்டென்று ஒடியும், கவனம்.

முளைத்த முதல் சில வாரங்கள் 15 முதல் 22 டிகிரி சூடு போதும். கொதிக்கும் மொட்டை மாடி வேண்டாம். மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். கன்று தண்டு தரைமட்டத்தில் அழுகிச் சாய்வதைத் தடுக்க, மண் கலவையில் ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த மட்கு உரம் ஒரு கைப்பிடி சேர்ப்பது நல்லது. நான்கைந்து இலை வந்ததும் மெல்ல மெல்ல முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

நிலத்தில் நடுதல்

நீலகிரி, கொடைக்கானலில் கோடை மழை முடிந்து ஜூன் சாரல் தொடங்கும்போது நடலாம். டொராண்டோவில் மே கடைசி, உறைபனி பயம் போன பிறகு.

இடத்துக்கு இரண்டே நிபந்தனை: தினமும் ஆறு முதல் எட்டு மணிநேர நேரடி வெயில், தண்ணீர் தேங்காத மண். பீச் வேர் எதையும் பொறுக்கும், ஈரத்தில் நிற்பதை மட்டும் பொறுக்காது. ஒரு குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம், அல்லது 30 செ.மீ. உயர மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். சரிவான நிலம் என்றால் நல்லதுதான்.

2 அடிக்கு 2 அடி குழி, தோண்டிய மண்ணோடு பத்துக் கிலோ நன்கு மட்கிய தொழு உரம். நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்பு மண், தேயிலைக்குப் பிடித்தது, பீச்சுக்குப் பிடிக்காதது. பீச் கேட்பது 6 முதல் 6.8 வரை கார அமில நிலை (pH). மண் பரிசோதனை செய்து, சொல்லும் அளவுக்கு டோலமைட் சுண்ணாம்பைக் குழியில் மட்டுமல்லாமல் சுற்றிலும் கலந்துவிடுங்கள். மரத்துக்கு மரம் 4 மீட்டர் இடைவெளி. முன்பு பீச் மரம் நின்று பட்டுப்போன குழியில் மறுபடி பீச் வைக்காதீர்கள், பழைய வேர் அழுகலும் நூற்புழுவும் புதிய கன்றை வளரவிடாது. கொடைக்கானலில் காட்டு மாடு வந்து போகும் தெரு என்றால் வேலியை முதலில் போட்டுவிட்டுக் கன்றை நடுங்கள்.

கவாத்து: பாதிப் பழம் இதில்தான்

பீச் விஷயத்தில் பலர் தயங்குவது வெட்டுவதற்கு. ஆனால் இந்த மரம் போன வருடம் வளர்ந்த கிளையில் மட்டுமே காய்க்கும். அதற்கு முந்தைய கிளை மறுபடி காய்க்காது. வெட்டாமல் விட்டால் வருடா வருடம் பழம் உயரே உயரே போய், கீழே வெறும் கட்டை நிற்கும்.

நட்ட கன்று பென்சில் பருமன் ஆனதும் தரையிலிருந்து 60, 70 செ.மீ. உயரத்தில் தலையை வெட்டுங்கள். கீழே பக்கக் கிளைகள் வரும். சுற்றிலும் சமமாகப் பரவும் மூன்று, நான்கு கிளைகளை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். நடுவில் நேராக எழும் கிளை எதையும் விடக் கூடாது. மரம் ஒரு கிண்ணம் போலத் திறந்திருந்தால் வெயில் உள்ளே இறங்கும், காற்று ஓடும், நோய் குறையும், பழம் நிறம் பிடிக்கும்.

பிறகு ஒவ்வொரு வருடமும், நம் மலையில் இலை உதிர்ந்து மொட்டு வீங்கும் முன், டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில், மழையில்லாத நாளாகப் பார்த்து வெட்டுங்கள். ஒன்டாரியோவில் ஏப்ரல் வரை பொறுங்கள். நடுக்குளிரில் வெட்டினால் காயம் ஆறாமல் பட்டையில் சொறிநோய் இறங்கும். போன வருட வளர்ச்சியில் கிட்டத்தட்ட பாதியை எடுத்துவிடலாம். எதை வைப்பது என்று பார்க்க மொட்டைக் கவனியுங்கள்: ஒரு கணுவில் மூன்று மொட்டு இருந்தால் ஓரத்துக் குண்டு மொட்டு இரண்டும் பூ, நடுவில் கூராக இருப்பது இலை. பென்சில் பருமனில் இப்படி மொட்டு நிறைந்த கிளைகளை வைத்து, உள்நோக்கியும் செங்குத்தாகவும் போவதை வெட்டுங்கள்.

உரம் எவ்வளவு என்பதை மரமே சொல்லும். இளம் மரத்தின் கிளை ஒரு வருடத்தில் 45 முதல் 60 செ.மீ. நீண்டால் போதும். அதைவிடக் குறைந்தால் தொழு உரத்தைக் கூட்டுங்கள், ஒரு மீட்டரைத் தாண்டினால் தழைச்சத்தை நிறுத்துங்கள்.

காய் கலைத்தல்

மரம் நன்றாகக் காய்த்துவிட்டால் அடுத்த கஷ்டம் மனதுக்கு. காய் கோலிக்குண்டு அளவு ஆனதும், கொட்டை கெட்டிப்படும் முன், கிளையில் 15 செ.மீ.க்கு ஒரு காய் நிற்கும்படி மீதியைக் கிள்ளிவிட வேண்டும். எல்லாவற்றையும் விட்டால் எல்லாமே கொட்டையும் தோலுமாக இருக்கும், கிளையும் முறியும்.

இலைச் சுருட்டல், அழுகல், பழ ஈ

துளிர்க்கும் நேரத்தில் குளிரும் ஈரமும் சேர்ந்தால் இலைகள் தடித்து, சிவந்து, கொப்புளம் போட்டுச் சுருண்டுவிடும். இது டாஃப்ரினா என்ற பூஞ்சை. சுருண்ட பிறகு மருந்தில்லை. இலை உதிர்ந்ததும் ஒரு தடவை, மொட்டு வீங்கும் முன் ஒரு தடவை, ஒரு சதவீத போர்டோ கலவை தெளித்தால் தடுத்துவிடலாம். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியைத் தோய்த்துப் பார்க்கும்போது செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றே தெளித்துவிட வேண்டும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். கனடாவில் வீட்டுத் தோட்டத்துக்கு அனுமதியுள்ள செம்பு மருந்தைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

இலை சுருண்டிருந்தும் தடிப்போ சிவப்போ இல்லையென்றால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி கூட்டமாக இருக்கும். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடியில் படும்படி தெளித்தால் அடங்கும்.

பழம் மரத்திலேயே பழுப்பாக அழுகிக் காய்ந்து தொங்கினால் அதைப் பறித்து அப்புறப்படுத்துங்கள். அடுத்த வருட நோய்க்கு அதுதான் வித்து. நம் ஊரில் இன்னொரு பெரிய தொல்லை பழ ஈ. பழம் நிறம் மாறும் முன்பே காகிதப் பை கட்டுங்கள், ஆண் ஈக்களை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறி ஒன்றைத் தொங்கவிடுங்கள், விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி ஆழப் புதையுங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் பலன்.

பழம் சுமாராக இருந்தால்

நான்காவது வருடம் பழம் வந்து, சுவை பிடிக்கவில்லை என்றால் மரத்தை வெட்ட வேண்டாம். கொட்டையில் வந்த வேர் உறுதியானது. பீச் நாற்றுப் பண்ணைகள் பலவும் கொட்டை போட்டு முளைத்த கன்றின் மேல்தான் நல்ல ரகத்தை ஒட்டுகின்றன. உங்கள் மரத்தில் கீழிருந்து வரும் பென்சில் பருமன் கிளையைத் தேர்ந்தெடுத்து, பட்டை லேசாக உரியும் பருவத்தில், ‘T’ வடிவில் கீறி, நல்ல மரத்திலிருந்து இலைக்காம்போடு எடுத்த ஒரு கண்ணை, அதாவது மொட்டை, செருகி, கண் வெளியே தெரியும்படி ஒட்டு நாடாவால் சுற்றுங்கள். பீச், நெக்டரின் மட்டுமல்ல, நம் மலையில் விளையும் பிளம்ஸ் கண்ணும் பெரும்பாலும் இதில் ஒட்டும். நல்ல ரகத்துக்குக் குன்னூர் சிம்ஸ் பூங்காவை அடுத்துள்ள அரசுப் பழவியல் நிலையத்திலும், உதகை, கொடைக்கானலில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களிலும் விசாரிக்கலாம்.

மூன்று வாரம் கழித்துக் கண்ணோடு விட்ட இலைக்காம்பைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் உதிர்ந்தால் ஒட்டு பிடித்துவிட்டது, வற்றி ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிக்கவில்லை, பக்கத்துக் கிளையில் இன்னொரு கண் வையுங்கள். பிடித்த ஒட்டின் நாடாவைக் கீறி எடுத்துவிட்டு, வரும் குளிர்காலக் கடைசியில், மொட்டு விழிக்கும் முன், ஒட்டுக்கு ஓர் அங்குலம் மேலே பழைய கிளையைச் சாய்வாக வெட்டுங்கள். அதன் பிறகு ஒட்டுக்குக் கீழே எழும் துளிர்களை எல்லாம் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.